பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து முதலீட்டு வங்கி இன்டர்ன்ஷிப்: உண்மையிலேயே வழி இருக்கிறதா?

மூன்றாம்_செமஸ்டர்

வணக்கம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், நிதியியல்தான் முக்கியப் பாடம். நிறுவனங்களை வாங்கவும் விற்கவும் பணம் திரட்டவும் உதவும் பெரிய முதலீட்டு வங்கிகள் எதுவும் எங்கள் கல்லூரிப் பக்கம் வந்ததில்லை. எங்கள் பழைய மாணவர்களில் அந்தத் துறைக்குப் போனவர் யாரையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டு மாதத்தில் 64 இன்டர்ன்ஷிப்களுக்கு விண்ணப்பித்தேன். 9 இடங்களிலிருந்து "வருந்துகிறோம்" என்று மின்னஞ்சல் வந்தது. அதில் ஒன்று நான் விண்ணப்பித்துப் பதினோரு நிமிடத்தில் வந்துவிட்டது. என் ரெஸ்யூமேயை மனிதர் யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க முடியாது. மற்ற இடங்களிலிருந்து சத்தமே இல்லை.

மதிப்பெண்ணில் குறை இல்லை. எக்செல் நன்றாக வரும். கணக்கியல் பிடிக்கும். கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவில் போய்க் கேட்டால், "அதெல்லாம் நம்ம பசங்களுக்குக் கிடைக்காதுப்பா, வேற ஏதாவது பாரு" என்றார்கள். அன்றைக்கு இரவு தூங்க முடியவில்லை. ஆறுதல் வேண்டாம். இந்தத் துறையில் இருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். கதவு மூடியிருக்கிறதா, இல்லை நான் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேனா?

பழைய_அனலிஸ்ட்

தம்பி, தப்பான கதவு. விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

முதலில் ஒரு கணக்கு. 2025 கோடை இன்டர்ன்ஷிப்புக்கு கோல்ட்மேன் சாக்ஸுக்கு வந்த விண்ணப்பங்கள் 3,60,000-க்கும் மேல். எடுத்தது சுமார் 2,600 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இத்தனை விண்ணப்பங்களையும் யாராலும் படிக்க முடியாது. அதனால் எதையாவது வைத்துக் கழிக்க வேண்டியிருக்கிறது, கழிக்கச் சுலபமானது கல்லூரியின் பெயர். அதை "உனக்குத் திறமை இல்லை" என்ற தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன்னை யாரும் எடை போடவே இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு வங்கியில் குறிப்பிட்ட சில கல்லூரிகளுக்கு என்றே தனித்தனிக் குழு இருக்கும். அந்தக் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது வங்கியில் வேலை செய்பவர்கள்தான் அதில் இருப்பார்கள். அவர்களே வளாகத்துக்குப் போய்ப் பேசி, பேசியவர்களின் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். விண்ணப்பத் தளம் திறக்கும் நாளில் அந்தப் பட்டியல் தயாராக இருக்கும். உன் கல்லூரிக்கு அப்படி ஒரு குழு இல்லை. பட்டியலில் உன் பெயர் ஏற வேண்டுமானால் நீயேதான் ஏற்ற வேண்டும், அதற்கு இருக்கும் ஒரே வழி வேலையில் இருப்பவர்களோடு பேசுவது.

அப்புறம் காலக்கெடு. இதில்தான் நம்மைப் போன்றவர்கள் அதிகம் கோட்டை விடுகிறோம். அமெரிக்காவில் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்குப் பெரிய வங்கிகள் இரண்டாம் ஆண்டின் நடுவிலேயே விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடுகின்றன, ஏறக்குறைய ஒன்றேகால் வருடம் முன்பே. லண்டனில் முதலாண்டு மாணவர்களுக்கே 'ஸ்பிரிங் வீக்' என்று ஒரு வாரம் வைத்து, அங்கிருந்தே அடுத்த கோடைக்கு ஆள் பிடிக்கிறார்கள். பல இடங்களில் விண்ணப்பம் வர வர இடங்களை நிரப்பிக்கொண்டே போவார்கள். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு அனுப்பினால் இடமே மிச்சம் இருக்காது.

என் கதை சின்னது. ஒன்பது பேர் வேலை செய்த ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் இன்டர்னாகச் சேர்ந்தேன். குடும்ப நிறுவனங்களை விற்றுக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு டீல்களில் கடைசி வரை கூடவே இருந்தேன். அடுத்த வருடம் நடுத்தர வங்கி ஒன்றின் இன்டர்வியூவில் ஒரு மணி நேரம் அந்த இரண்டு டீல்களைப் பற்றியேதான் கேட்டார்கள். கல்லூரியைப் பற்றி ஒரு கேள்வி வரவில்லை.

ப்ராக்ஸி_வாசகன்

மேலே சொன்னதோடு ஒரு சின்ன விஷயம். வங்கி என்றால் கோல்ட்மேன் சாக்ஸ், ஜேபி மார்கன், மார்கன் ஸ்டான்லி என்றே பலர் நினைக்கிறார்கள். எவர்கோர், லசார்ட், சென்டர்வியூ, மொய்லிஸ் எல்லாம் ஒரு வரிசை. ஆள் குறைவு, போட்டியோ கடுமை. ஹூலிஹான் லோகி, வில்லியம் பிளேர், பேர்ட், லிங்கன் இன்டர்நேஷனல் இன்னொரு வரிசை. இவர்கள் நடுத்தர அளவு டீல்களை எக்கச்சக்கமாகச் செய்கிறார்கள். அதற்கும் கீழே ஐந்து பேர், பத்து பேர், இருபது பேர் வைத்து நடத்தும் நிறுவனங்கள் எல்லா நிதி நகரங்களிலும் இருக்கின்றன. அவர்களில் பலருக்கு விண்ணப்பத் தளமே கிடையாது. ஆள் தேவைப்படும்போது கண்ணில் படுகிறவரை எடுத்துக்கொள்வார்கள். மூன்றாம்_செமஸ்டர், நீங்கள் விண்ணப்பித்த 64-இல் இப்படிப்பட்டவை எத்தனை?

மூன்றாம்_செமஸ்டர்

இரண்டு. அதுவும் தெரியாமல் போட்டதுதான். அண்ணா, ப்ராக்ஸி_வாசகன், இருவருக்கும் நன்றி. அந்த மாதிரி நிறுவனங்களுக்கு எப்படி எழுதுவது? நேற்று நான்கு பேருக்கு அனுப்பினேன். அதை அப்படியே கீழே போடுகிறேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி, முதலீட்டு வங்கித் துறையில் மிகுந்த ஆர்வம் உள்ளவன். உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் எனக்கு ஒரு வாய்ப்பு அளித்தால் என் கனவு நிறைவேறும். ரெஸ்யூமே இணைத்துள்ளேன். தயவுசெய்து பரிசீலிக்கவும்."

இருப்புநிலைக்_குறிப்பு

நான் அசோசியேட்டாக, அதாவது புதிதாகச் சேரும் அனலிஸ்ட்களுக்கு ஒரு படி மேலே, இருக்கிறேன். இந்த மாதிரி மின்னஞ்சல்கள் எனக்கு வாரத்துக்குப் பல வருகின்றன. உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே தம்பி. இதை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம். பெறுகிறவர் யார், என்ன வேலை செய்கிறார் என்று உனக்குத் தெரியும் என்பதற்கு ஒரு சொல்கூட இதில் சாட்சி இல்லை. போதாததற்கு முதல் மின்னஞ்சலிலேயே வேலை கேட்கிறாய். வேலை என்று கேட்டால் அவர் "இல்லை" என்பார். பதினைந்து நிமிடம் பேசலாமா என்று கேட்டால் பெரும்பாலும் "சரி" என்பார்.

நான் உன் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு நிதியியல் மாணவன். சென்ற மாதம் உங்கள் குழு ஒரு பேக்கேஜிங் நிறுவனத்தை விற்றுக்கொடுத்த அறிவிப்பைப் படித்தேன். அதே துறையில் இருக்கும் போட்டி நிறுவனம் வாங்கியிருந்தால் செலவுகளைக் குறைத்து இன்னும் அதிக விலை கொடுத்திருக்கலாமே, ஏன் பிரைவேட் ஈக்விட்டி நிதி வாங்கியது என்று யோசித்தேன், விடை பிடிபடவில்லை. உங்களுக்கு வசதியான நேரத்தில் 15 நிமிடம் தொலைபேசியில் பேச முடியுமா? செவ்வாய், வியாழன் மாலைகளில் எந்த நேரமும் எனக்குச் சரி."

(பிரைவேட் ஈக்விட்டி நிதி என்பது நிறுவனங்களை வாங்கி, பின்னால் விற்று லாபம் பார்க்கும் முதலீட்டு நிதி.) இந்த மின்னஞ்சலில் ரெஸ்யூமே இணைப்பு இல்லை, கனவும் இல்லை. படித்திருக்கிறான், யோசித்திருக்கிறான், நேரத்தை மதிக்கிறான் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கே கை துறுதுறுக்கும். பதில் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டு. அதற்கும் வரவில்லை என்றால் விட்டுவிடு. அவர் உன்னை வெறுக்கவில்லை, ஏதோ ஒரு டீலுக்குள் மூழ்கியிருக்கிறார்.

ஒன்று கவனி. கேள்வி உண்மையாக உனக்கு எழுந்ததாக இருக்க வேண்டும். இங்கே நான் எழுதியதை எடுத்து ஒட்டி அனுப்பாதே. தொலைபேசியில் முதல் எதிர்க் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம்_வாய்ப்பு

எல்லோரும் மின்னஞ்சல், தொலைபேசி என்கிறீர்கள். நான் மாறுபடுகிறேன். நானும் பெயரில்லாத கல்லூரிதான். ஒன்றரை வருடம் நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்கள். நல்ல மனிதர்கள் பலர் பேசினார்கள், வாழ்த்தினார்கள், வேலை கொடுக்கவில்லை. கடைசியில் வங்கிகள் நேரடியாக ஆள் எடுக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருட முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். சேர்ந்த ஆறாவது வாரத்தில், முன்பு எனக்குப் பதில் போடாத அதே வங்கியின் ஆட்கள் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றரை வருடத்தில் கிடைக்காதது ஆறு வாரத்தில் கிடைத்தது. என் மூளை அதற்குள் மாறிவிடவில்லை. இதை ஏன் மறைக்க வேண்டும்?

பழைய_அனலிஸ்ட்

மறைக்க வேண்டாம். நீங்கள் சொல்வது உண்மை, உங்களுக்கு அது பலித்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இரண்டு விஷயங்களையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஒன்று, செலவு. கடன் வாங்கிப் படித்துவிட்டு வேலை அமையாமல் போனவர்களையும் எனக்குத் தெரியும், அவர்கள் இங்கே வந்து எழுதுவதில்லை. இரண்டு, காலம். ஒரு வருடப் படிப்பில் வகுப்பு தொடங்கும்போதே ஆள் எடுப்பும் தொடங்கிவிடும், சேர்ந்த பிறகு தயாராகிக்கொள்ளலாம் என்றால் முடியாது. ஒன்று கேட்கிறேன். அந்த ஒன்றரை வருடம் பேசிப் பேசிப் பழகியிருக்காவிட்டால் ஆறாவது வாரத்தில் அந்த இன்டர்வியூவைத் தாண்டியிருப்பீர்களா?

இரண்டாம்_வாய்ப்பு

நேர்மையாகச் சொன்னால், தாண்டியிருக்க மாட்டேன். அங்கே எனக்குப் புதிதாக ஒரு கேள்வியும் வரவில்லை. எல்லாவற்றையும் யாராவது ஒருவர் தொலைபேசியில் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். ஆனாலும் முதுநிலைப் படிப்பை ஒரு வழியாகவே சொல்லாமல் விடுவது சரியில்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

நம்பிக்கை_1907

தம்பிக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சிட்னி வைன்பெர்க் என்ற மனிதர் 1907-இல் கோல்ட்மேன் சாக்ஸில் துப்புரவுப் பணியாளருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. 1930-இல் அந்த நிறுவனத்துக்கே தலைமைப் பொறுப்பேற்று, 1969-இல் இறக்கும் வரை அந்த இடத்தில் இருந்தார். மனம் தளராதே.

கடன்_பிரிவு

அந்த வரலாறு எனக்கும் பிடிக்கும். ஆனால் அன்றைக்கு ஒரு சிறுவன் கட்டடத்தின் மேல்மாடியில் தொடங்கி ஒவ்வொரு தளமாக இறங்கி நேரில் வேலை கேட்க முடிந்தது. இன்றைக்கு வாசலைத் தாண்ட அடையாள அட்டை வேண்டும். 2016-இலேயே கோல்ட்மேன் சாக்ஸ் கல்லூரிகளுக்கு நேரில் போய் நடத்திய முதல் சுற்று இன்டர்வியூவை நிறுத்திவிட்டு வீடியோ பதிவுக்கு மாறியது. எந்தக் கல்லூரி மாணவரும் கேமரா முன் பதில் சொல்லலாம் என்று ஆனது ஒருவகையில் நமக்கு நல்லதுதான். ஆனால் அதே கதவு எல்லோருக்கும் திறந்ததால் வரிசையும் நீண்டுவிட்டது.

நான் எழுத வந்தது வேறு. இரண்டு வருடம் முயன்றும் முதலீட்டு வங்கி எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது ஒரு வணிக வங்கியில் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் பிரிவில் இருக்கிறேன். காலையிலிருந்து மாலை வரை நிறுவனக் கணக்குகளைத்தான் படிக்கிறேன். இவர்களால் வட்டி கட்ட முடியுமா, மோசமான வருடம் வந்தால் தாங்குவார்களா என்று எழுதிக் கொடுக்கிறேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. என்னோடு சேர்ந்த இருவர் மூன்று வருடத்தில் இங்கிருந்தே ஒரு முதலீட்டு வங்கியின் லெவரேஜ்டு ஃபைனான்ஸ் (அதிகக் கடன் வாங்கி நடக்கும் டீல்களுக்குப் பணம் திரட்டும்) பிரிவுக்குப் போனார்கள். பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனங்களில் வேல்யுவேஷன் (நிறுவன மதிப்பீடு) பிரிவும், நிறுவனத்தை வாங்குமுன் கணக்கைச் சோதிக்கும் பிரிவும் இருக்கின்றன. அங்கிருந்தும் போகிறார்கள். முதல் படியிலேயே பெரிய பெயர் வேண்டும் என்று நிற்காதீர்கள்.

இன்னொன்று, இந்த இழையில் இன்னும் யாரும் சொல்லவில்லை. வேலை நேரம். 2021-இல் கோல்ட்மேன் சாக்ஸின் முதலாண்டு அனலிஸ்ட்கள் 13 பேர் தங்களுக்குள் எடுத்த கணக்கு வெளியே வந்தது, வாரத்துக்குச் சராசரியாக 95 மணி நேரம் வேலை செய்திருந்தார்கள். இன்டர்ன்கள் நள்ளிரவுக்குப் பிறகு அலுவலகத்தில் இருக்கக் கூடாது, காலை 7 மணிக்கு முன் வரக் கூடாது என்று 2015-இல் அதே வங்கி விதி போட வேண்டியிருந்தது. விதி போட்டுத்தான் தடுக்க வேண்டும் என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். உடம்பு தாங்குமா என்பதையும் தம்பி யோசிக்கட்டும். பயமுறுத்தவில்லை, தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாம்_செமஸ்டர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இருப்புநிலைக்_குறிப்பு அக்கா சொன்ன முறையில் 40 பேருக்கு எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் ஆனது, அந்த நிறுவனத்தின் பழைய டீல் அறிவிப்புகளைப் படிக்காமல் எழுத முடியவில்லை. 6 பேர் பதில் போட்டார்கள். 3 பேர் பேசினார்கள்.

முதல் அழைப்பைக் கெடுத்துவிட்டேன். ஐந்தாவது நிமிடத்திலேயே "இன்டர்ன்ஷிப் இருக்கிறதா" என்று கேட்டுவிட்டேன். அவர் குரல் மாறியது எனக்கே தெரிந்தது. இரண்டாவது நன்றாகப் போனது, 40 நிமிடம் பேசினார். மூன்றாவதில் அவர் திடீரென்று, "தேய்மானம் 10 கூடினால் மூன்று அறிக்கைகளிலும் என்ன ஆகும்?" என்று கேட்டார். லாபம் குறையும் என்று சொன்னேன். அப்புறம் பணம் குறையுமா கூடுமா என்றதும் தடுமாறிவிட்டேன். கணக்கியலில் நான் வகுப்பிலேயே முதல் மாணவன். அப்படியும் தடுமாறினேன்.

இருப்புநிலைக்_குறிப்பு

இது எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. இதை மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாவது கேள்வியில் விழுவார்கள். அதனால் நிதானமாகவே பார்ப்போம்.

வரி 25 சதவீதம் என்று வைத்துக்கொள். தேய்மானம் 10 கூடுகிறது. வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், அதனால் வரி 2.5 குறையும், நிகர லாபம் 7.5 குறையும். வருமான அறிக்கை முடிந்தது. இப்போது பணப்புழக்க அறிக்கைக்கு வா. மேலே நிகர லாபம் 7.5 குறைந்து வருகிறது. ஆனால் தேய்மானத்துக்காக யாருக்கும் காசு கொடுக்கவில்லை, எனவே அந்தப் 10-ஐத் திரும்பக் கூட்டு. கையில் பணம் 2.5 கூடியிருக்கிறது. இருப்புநிலைக் குறிப்பில் பணம் 2.5 கூடி, இயந்திரம் கட்டடத்தின் மதிப்பு 10 குறைந்து, சொத்துப் பக்கம் மொத்தம் 7.5 குறையும். எதிர்ப்பக்கத்தில் தக்கவைத்த லாபம் அதே 7.5 குறையும். இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது.

அந்த 2.5 எங்கிருந்து வந்தது? கட்டாமல் மிச்சமான வரி. இது மனத்தில் உட்கார்ந்துவிட்டால் எண்களை எப்படி மாற்றினாலும் தடுமாற மாட்டாய்.

நான் அடுத்து கேட்பது இது: "அப்படியானால் தேய்மானத்தை ஏற்றிக்கொண்டே போனால் நிறுவனத்துக்கு நல்லதுதானே?" இங்கேதான் ஆள் தெரியும். இயந்திரம் வாங்கிய அன்றே காசு போய்விட்டது. மொத்தத் தேய்மானம் அந்த விலையைத் தாண்ட முடியாது. இந்த வருடம் அதிகம் கழித்தால் பின்னால் கழிக்கக் குறைவாகவே இருக்கும். வரியை முன்னால் மிச்சம் பிடிக்கிறோம், அவ்வளவுதான். அதுவும் வரிச் சட்டம் அந்த வேகத்தை அனுமதித்தால்தான். இப்படி யோசித்துக்கொண்டே சத்தமாகப் பேசும் மாணவர், நடுவில் ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னால்கூட நான் அவரைத்தான் எடுப்பேன். ராத்திரி பதினொரு மணிக்கு எக்செல்லில் போடும் ஒரு நிதிக் கணக்கு மாடலை அவரிடம் விட்டுவிட்டு நான் வேறு வேலை பார்க்கலாமா என்பதுதான் என் கவலை.

உனக்கு வீட்டுப்பாடம் ஒன்று: ஒரு நிறுவனம் 100 கடன் வாங்கி, அதை அப்படியே கையிருப்பில் வைத்துக்கொண்டது. அதன் என்டர்பிரைஸ் வேல்யூ (நிறுவனத்தின் மொத்த மதிப்பு) மாறுமா?

மூன்றாம்_செமஸ்டர்

மாறாது அக்கா. பங்குகளின் மதிப்போடு கடனைக் கூட்டி, கையிலிருக்கும் பணத்தைக் கழித்தால் வருவதுதானே அது. கடன் 100 கூடுகிறது, கழிக்க வேண்டிய பணமும் 100 கூடுகிறது. பங்குகளின் மதிப்பு அப்படியே இருக்கிறது.

இருப்புநிலைக்_குறிப்பு

சரி. இப்போது அந்த 100-ஐ எடுத்துத் தேவையில்லாத ஒரு தொழிற்சாலை வாங்கினால்? இங்கே பதில் எழுத வேண்டாம், நீயே நடந்துகொண்டு யோசி.

ப்ராக்ஸி_வாசகன்

என் பெயருக்கான காரணத்தைச் சொல்லும் நேரம் வந்துவிட்டது. டீல் அனுபவமே இல்லாத ஒருவர், டீல் எப்படி நடக்கிறது என்பதை உள்ளிருந்து பார்க்க இலவசமாக ஒரு வழி இருக்கிறது. ஏன் இதை ஒரு கல்லூரியும் சொல்லித்தருவதில்லை என்று எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்கும்போது, பங்குதாரர்களின் வாக்கெடுப்புக்காகப் பெரும்பாலும் ஒரு ப்ராக்ஸி அறிக்கை அனுப்புவார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்இசியின் எட்கர் தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். நேராக "இணைப்பின் பின்னணி" என்ற பகுதிக்குப் போங்கள். யார் யாரை எந்தத் தேதியில் சந்தித்தார்கள், முதலில் என்ன விலை சொன்னார்கள், இயக்குநர் குழு ஏன் மறுத்தது என்று நாள் நாளாக எழுதியிருப்பார்கள். போட்டிக்கு வந்த மற்ற நிறுவனங்களை "பார்ட்டி ஏ", "பார்ட்டி பி" என்று மட்டும் குறிப்பிடுவார்கள். அதற்குப் பிறகு, விலை நியாயமானதுதான் என்று வங்கி கொடுத்த கருத்தின் சுருக்கம் வரும். எந்த நிறுவனங்களோடு ஒப்பிட்டார்கள், தள்ளுபடி விகிதம் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) எத்தனையிலிருந்து எத்தனை வரை வைத்தார்கள் என்பது வரை அதில் கிடைக்கும். வங்கியில் அனலிஸ்ட் ராத்திரி உட்கார்ந்து செய்யும் வேலை இதுதான்.

நான் முதலில் படித்தது மைக்ரோசாஃப்ட் லிங்க்ட்இன்னை வாங்கிய கதை. 2016 ஜூன் 13 அன்று அறிவித்தார்கள். பங்குக்கு 196 டாலர், மொத்தம் 26.2 பில்லியன் டாலர். அதற்கு முந்தைய வர்த்தக நாளில் பங்கு 131.08 டாலரில் முடிந்திருந்தது. கிட்டத்தட்ட 50 சதவீதம் கூடுதல் விலை. லிங்க்ட்இன் பக்கம் குவாட்டலிஸ்ட் பார்ட்னர்ஸும் ஆலன் அண்ட் கம்பெனியும், மைக்ரோசாஃப்ட் பக்கம் மார்கன் ஸ்டான்லியும் ஆலோசகர்கள். ஏன் ஒருவர் 50 சதவீதம் அதிகம் கொடுக்கிறார்? விலை படிப்படியாக எப்படி ஏறியது? வேறு யார் துரத்தினார்கள்? இந்தக் கேள்விகளோடு படித்தபோது பாடப்புத்தகத்தில் செத்துக் கிடந்த சொற்கள் எல்லாம் எனக்கு உயிரோடு எழுந்தன.

வாரம் ஒன்று படித்து இரண்டு பக்கக் குறிப்பு எழுதுங்கள். பத்து வாரத்தில் உங்களிடம் பத்து டீல்கள் இருக்கும். இன்டர்வியூவில் "சமீபத்தில் கவனித்த ஒரு டீலைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், செய்தித் தலைப்பைத் தாண்டிப் பேசக்கூடியவர் அந்த அறையில் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

கடன்_பிரிவு

அருமை. இதோடு ஒன்று. அமெரிக்காவில் இருப்பவர்கள், பங்குத் தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா நடத்தும் எஸ்ஐஇ என்ற அடிப்படைத் தேர்வை மாணவராக இருக்கும்போதே எழுதலாம். 18 வயது ஆனால் போதும், எந்த நிறுவனமும் பரிந்துரைக்கத் தேவையில்லை. அது வேலை வாங்கித் தராது. ஆனால் ரெஸ்யூமேயில் சும்மா "நிதியில் ஆர்வம்" என்று எழுதுவதைவிட மேல்.

கேட்டுக்கொண்டிருப்பவன்

நானும் இதே நிலைமைதான். ரெஸ்யூமேயில் செய்யாத ஒரு சின்ன இன்டர்ன்ஷிப்பைச் சேர்த்துக்கொண்டால் என்ன? நண்பர்கள் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பழைய_அனலிஸ்ட்

வேண்டாம். வேலைக்கு எடுத்த பிறகும் பின்னணியைச் சரிபார்ப்பார்கள், ஊதியச் சீட்டு கேட்பார்கள். கையில் வந்த வேலை அந்த ஒரு வரியால் போனதை நான் நேரில் பார்த்தேன். அந்தப் பையன் நல்ல திறமைசாலி. உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவனை எடுத்திருப்போம். இன்றுவரை எனக்கு அது வலிக்கிறது. கல்லூரியில் நான்கு பேரைச் சேர்த்து வாரம் ஒரு நிறுவனத்தை அலசுங்கள், அதை எழுதுங்கள். அது உண்மை, கேட்டால் பேசவும் முடியும்.

மூன்றாம்_செமஸ்டர்

ஏழு மாதம் ஆகிவிட்டது. இந்த இழையை மறக்கவில்லை.

மொத்தம் 170 பேருக்கு எழுதினேன். 31 பேரோடு பேசினேன். பெரிய வங்கிகள் எதுவும் கிடைக்கவில்லை, இரண்டில் வீடியோ சுற்றோடு நின்றது. முன்பு சொன்னேனே, 40 நிமிடம் பேசியவர், அவருக்கு ஒவ்வொரு மாதமும் நான் படித்த டீல் குறிப்பு ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தேன். முதல் மூன்றுக்குப் பதில் இல்லை. நான்காவதுக்கு, "உன் ஒப்பீட்டு நிறுவனங்களின் பட்டியல் தப்பு, ஏன் என்று யோசி" என்று ஒரு வரி. யோசித்துத் திருத்தி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அவருடைய நண்பர் நடத்தும் 11 பேர் கொண்ட நிறுவனத்துக்கு என் பெயரைச் சொன்னார்.

இன்டர்வியூவில் ஒரு நிறுவனத்தின் மூன்று வருடக் கணக்கையும் ஒரு மடிக்கணினியையும் கொடுத்து 90 நிமிடத்தில் மாடல் போடச் சொன்னார்கள். என் இருப்புநிலைக் குறிப்பு சரியாகவில்லை. வித்தியாசம் எங்கே வருகிறது என்று தேடி, குத்தகைக் கணக்கில் வருவதைக் கண்டுபிடித்தேன், சரிசெய்ய நேரம் போதவில்லை. எண்ணைத் திணித்துச் சமன்படுத்தியிருக்கலாம். செய்யவில்லை. இத்தனை வித்தியாசம் இருக்கிறது, காரணம் இது, இன்னும் இருபது நிமிடம் இருந்தால் இப்படித் திருத்துவேன் என்று அதே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் மதியம் அழைத்தார்கள். பத்து வார இன்டர்ன்ஷிப்.

சேர்ந்து நான்கு நாள் ஆகிறது. விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு நிறுவனத்தை யார் யார் வாங்கக்கூடும் என்று 80 பெயர் கொண்ட பட்டியல் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இதற்கு முன் என்ன வாங்கினார்கள், இதை வாங்கக் கையில் பணம் இருக்கிறதா, ஏன் வாங்குவார்கள் என்று ஒரு வரி எழுத வேண்டும். நாளை காலை முதல் 30-ஐக் காட்ட வேண்டும். இப்போது 22-இல் இருக்கிறேன்.

அக்கா, அந்தத் தொழிற்சாலைக் கேள்வியை இன்டர்வியூவில் வேறு வடிவத்தில் கேட்டார்கள். கடனும் பணமும் மாறிய விதத்தைச் சொல்லிவிட்டு, தேவையில்லாத சொத்துக்குச் சந்தை 100 கொடுக்காது, அதனால் அடி பங்குதாரர் தலையில் விழும் என்றேன். சரிதானே?

இருப்புநிலைக்_குறிப்பு

சரி. 23-ஆவது பெயருக்குப் போ.